ஊர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை, பெங்களூரில் சேர்க்கலாமா?

பொம்மனஹள்ளி பாலா

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஈரோடு மாவட்டம், மொடக்குறிச்சிப் பக்கம். வேலை, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் பெங்களூரில். ஓட்டு மட்டும் ஊரில் இருந்தது. தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகச் சரிபார்த்து, 2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வந்ததே, அதில் என் பெயர் இல்லை. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் 'இடம் பெயர்ந்தவர்' என்று காரணம் போட்டிருக்கிறார்கள். மனைவியின் பெயர் பெருந்துறையில் அப்படியே இருக்கிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் மாமனார் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம்.

2026 ஜனவரி 18 வரை உரிமை கோரலாம் என்கிறார்கள். ஊரிலேயே திரும்பச் சேர்வதா, இங்கே சேர்வதா? இங்கே என்றால் எந்தப் படிவம்?

இன்னொரு ஆதங்கமும் உண்டு. வேட்பாளரின் சொத்துக் கணக்கு, அவர் மீதான வழக்கு எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. என் பெயர் போன செய்தி மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் சொல்லி, அப்பா எனக்குச் சொல்லித்தான் தெரிந்தது.

கே.ஆர்.புரம் கார்த்தி

அண்ணா, இங்கே சேர்த்து என்ன ஆகப்போகிறது? 2024ல் பெங்களூரின் மூன்று மக்களவைத் தொகுதிகளிலும் 53 முதல் 55 சதவீதத்துக்குள்தான் ஓட்டு விழுந்தது. பக்கத்தில் மண்டியாவில் 81 சதவீதத்துக்கு மேல். ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை, மூன்று நாள் விடுமுறை மாதிரி ஆகிவிட்டது. பாதிப் பேர் கூர்க், மீதிப் பேர் தூக்கம். ஓட்டு போடாதவனுக்கு அபராதம் போட்டால்தான் சரிப்படும்.

வக்கீல் மாதவன்

கார்த்தி, குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு அப்படி ஒரு சட்டம் போட்டார்கள். 2015ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஓட்டு போடும் உரிமைக்குள் போடாமல் இருக்கும் உரிமையும் அடக்கம் என்பதுதான் வாதம்.

நாள் பார்த்துத் தேர்தல் வைத்தால் கூட்டம் கூடிவிடும் என்பதும் சோதித்துப் பார்த்ததுதான். 2023 சட்டமன்றத் தேர்தலை வார இறுதியோடு ஒட்டாமல் மே 10, புதன்கிழமை வைத்தார்கள். நகரத்தார் அலட்சியத்தைக் குறைக்கவே புதன் என்று ஆணையமே சொன்னது. மாநிலம் 73 சதவீதத்தைத் தாண்டியது, பெங்களூர் 55 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

பாலாவுக்குப் பதில். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 20 படி, நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஓட்டு. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. தற்காலிகமாக வெளியூர் போனால் உரிமை போகாது. உங்கள் நிலைமை தற்காலிகமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஹலசூர் மங்கை

பாலா தம்பி, முதலில் படிவக் கணக்கு. உங்கள் பெயர் இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை, அதனால் உங்களுக்குப் படிவம் 6. மனைவியின் பெயர் பெருந்துறையில் உயிரோடு இருக்கிறது, அதனால் அவருக்குப் படிவம் 8, இடமாற்றம். முன்பு தொகுதிக்குள் மாறினால் ஒரு படிவம், வெளியே மாறினால் இன்னொன்று என்று குழப்புவார்கள். 2022க்குப் பிறகு எல்லா மாற்றத்துக்கும் 8 ஒன்றுதான். அவரையும் படிவம் 6 போட வைத்துவிடாதீர்கள். இரண்டு இடத்தில் பெயர் வந்துவிடும், அது வேறு தலைவலி.

கார்த்திக்கு: நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். தேர்தல் வேலைக்குப் போய் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் அடையாள அட்டையோடு வருவார்கள், பட்டியலில் பெயர் இருக்காது. "கார்டு கொடுத்தது நீங்கள்தானே, ஓட்டு ஏன் இல்லை?" என்று சண்டை போடுவார்கள். அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. அட்டை உங்கள் பையில் இருக்கிறது, பெயரோ பட்டியலில் இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போன அவர்களும் உங்கள் கணக்கில் தூங்குகிறவர்கள்தான்.

அந்த 53 சதவீதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். எங்கள் பகுதிப் பட்டியலை எடுத்தால், வீடு காலி செய்துவிட்டுப் போனவர்கள், ஒயிட்ஃபீல்டுக்கு மாறினவர்கள், இறந்தவர்கள் எல்லோரும் வரிசையாக இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் ஓட்டு போடவில்லை என்றுதான் கணக்கு ஏறும். பாலா மாதிரி இங்கேயே வாழ்கிறவர்களோ அந்தக் கணக்கிலேயே இல்லை.

கோலார்க்காரன்

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் அப்பார்ட்மென்டில் எனக்கு முன்பு குடியிருந்தவரின் பூத் சிலிப் இன்னும் என் கதவுக்கு வருகிறது. என்னுடையது வந்ததே இல்லை.

மடிவாளா செல்வி

படிவம் 6 என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். முகவரிக்கு என்ன காட்டுவது? வீட்டு ஓனர் கரென்ட் பில்லில் அவர் பெயர். கேஸ் கனெக்‌ஷன் என் பெயரில் இல்லை. என்னிடம் இருப்பது 11 மாத வாடகை ஒப்பந்தம், அதைப் போட்டால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஹலசூர் மங்கை

செல்வி, படிவத்தில் கேட்டிருப்பது பதிவு செய்த வாடகைப் பத்திரம். பெங்களூரில் முக்கால்வாசிப் பேர் ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாதத்துக்கு எழுதுவதே பதிவு செய்வதைத் தவிர்க்கத்தான். அதனால் வாடகைக்கு இருக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வழி இருக்கிறது. ஆதாரில் முகவரியை இந்த வீட்டுக்கு மாற்றுங்கள், அல்லது வங்கிப் பாஸ்புக்கில் மாற்றுங்கள். இரண்டில் எது கையில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 'வேறு ஆவணம்' என்று ஒரு வரி படிவத்திலேயே உண்டு. அப்போது பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நேரில் வந்து நீங்கள் அங்கே குடியிருப்பதைப் பார்த்து எழுத வேண்டும். அந்த ஆள் வரும்போது வீட்டில் யாராவது இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பகலில் வருவார்கள், நாம் வேலைக்குப் போயிருப்போம்.

மடிவாளா செல்வி

ஆதாரை மாற்றினால் ஊரில் ரேஷன் கார்டுக்கு எதாவது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது அக்கா. அம்மா அந்தக் கார்டில்தான் அரிசி வாங்குகிறார்.

(இதை எழுதும்போதே தோன்றுகிறது, ஓட்டு ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி போல. அதை இழுத்தால் முன்னால் இருக்கிற எல்லாம் ஆடுகிறது.)

வக்கீல் மாதவன்

பயம் நியாயமானது. அதனால்தான் ஆதார் தவிர மற்ற ஆவணங்களும் இருக்கின்றன. பாஸ்புக்கை மாற்றுங்கள், ஆதாரைத் தொட வேண்டாம்.

இப்போது பாலாவின் ஆதங்கத்துக்கு வருகிறேன். வேட்பாளரைப் பற்றிய தகவல் போனில் கிடைப்பது தானாக வந்த வசதி என்று நினைக்கக் கூடாது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் 1999ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்றது. எல்லாக் கட்சிகளும் ஒன்று சேர்ந்து, நீதிமன்றம் சொன்னாலும் சட்டம் கேட்பதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 33பி கொண்டுவந்தன. 2003 மார்ச்சில் அதையும் நீதிமன்றம் ரத்து செய்தது. படிவம் 26 என்று நாம் இன்று பார்க்கும் பிரமாணப் பத்திரம் இவ்வளவு இழுபறிக்குப் பிறகு வந்தது. 2018ல், வழக்குகளை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரப்படுத்த வேண்டும் என்றது. 2020ல், வழக்குள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சி காரணம் சொல்ல வேண்டும் என்றது. அந்த ஆண்டு பீகார் தேர்தலில் இதைச் செய்யாத கட்சிகளுக்கு 2021ல் அபராதமும் விழுந்தது.

கே.ஆர்.புரம் கார்த்தி

சார், அந்தக் காரணங்களைப் படித்திருக்கிறீர்களா? எல்லாருக்கும் ஒரே காரணம்தான்: 'மக்களிடம் செல்வாக்கு உள்ளவர், வழக்கு அரசியல் பழிவாங்கல்.' நாளிதழ் விளம்பரம் டெண்டர் நோட்டீசுக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில். யார் படித்து மனம் மாறினார்கள்?

வக்கீல் மாதவன்

படிக்கிறவர்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்திரிகைக்காரர் படிக்கிறார், எதிர்க் கட்சிக்காரர் படிக்கிறார். ஐந்து ஆண்டில் சொத்து எப்படிப் பெருகியது என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

நேரம் ஒரு பிரச்சினை, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேட்புமனு திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 20 நாள் இருக்க வேண்டும் என்றிருந்தது. 1996ல் அதை 14 நாளாகக் குறைத்தார்கள். செலவு குறையும் என்பது நோக்கம். பிறகு 2002க்கு மேல் தகவல் மலைபோல் வரத் தொடங்கியது, அதைப் படிக்கக் கிடைக்கும் நாட்கள் மட்டும் முன்பே சுருங்கிவிட்டன.

சிவாஜிநகர் ஹமீது

தேர்தல் பத்திரம் கதையும் அதேதான் சார். 2018 முதல் அந்தப் பத்திரம் வழியாக யார் எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தார்கள் என்று தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. விவரம் வெளியே வந்தது மார்ச் 14. தேர்தல் அறிவிப்பு மார்ச் 16. அதற்குள் எங்கள் கடைத் தெருவில் பேச்சு வேட்பாளர், சாதி, கூட்டணி என்று போய்விட்டது. எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பொம்மனஹள்ளி பாலா

1996 என்றதும் எங்கள் தொகுதி ஞாபகம் வருகிறது. அந்த வருடம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் தங்கள் கோரிக்கையை யாரும் கேட்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனு போட்டார்கள். ஓட்டுச் சீட்டே புத்தகமாக இருந்தது என்று அப்பா இன்றும் சொல்வார்.

வக்கீல் மாதவன்

அதே ஆண்டு நம் கர்நாடகாவில் பெல்காம் மக்களவைத் தொகுதியில் 456 பேர், அப்போது ஆந்திராவில் இருந்த நல்கொண்டாவில் 480 பேர். அதன் பிறகுதான் டெபாசிட்டை ஏற்றினார்கள். சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது, 2009ல் 10,000. மக்களவைக்கு இப்போது 25,000. ஓட்டுச் சீட்டு சிறியதாயிற்று. மொடக்குறிச்சி விவசாயிகள் கண்டுபிடித்த வழியும் அடைபட்டது. இதைச் சீர்திருத்தம் என்று சொல்வது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கே.ஆர்.புரம் கார்த்தி

வழி அடைபட்டால் என்ன, நோட்டா இருக்கிறதே!

கோலார்க்காரன்

2024ல் இந்தூரில் நோட்டாவுக்கு 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல் விழுந்தது. ஜெயித்தவர் ஜெயித்துவிட்டார். நோட்டா முதலிடம் வந்திருந்தாலும் அடுத்து வந்தவர்தான் எம்.பி.

சிவாஜிநகர் ஹமீது

பட்டியல் விஷயத்துக்கே திரும்பலாமா? எங்கள் பகுதியில் ஓட்டு விழாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணம் இல்லை, பயம்தான் காரணம். 2022ல் விழிப்புணர்வு என்று சொல்லி ஒரு தன்னார்வ அமைப்பின் ஆட்கள் பி.எல்.ஓ. மாதிரி அடையாள அட்டையோடு வீடு வீடாக வந்து விவரம் எடுத்தார்கள். அது பெரிய விவகாரமாகி, சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரா மூன்று தொகுதிகளிலும் சேர்த்தது நீக்கியது எல்லாவற்றையும் முழுதாகச் சரிபார்க்கும்படி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அதிகாரிகள் சிலர் இடைநீக்கம் ஆனார்கள். அதற்குப் பிறகு உண்மையான பி.எல்.ஓ. வந்தாலும் எங்கள் தெருவில் கதவு திறப்பதில்லை. கதவு திறக்காவிட்டால் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அப்புறம் பெயர் எப்படி இருக்கும்?

கே.ஆர்.புரம் கார்த்தி

மகாதேவபுரா என்றால் 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி ஒரு லட்சம் கள்ள ஓட்டு என்றாரே, அதற்கு ஆணையம் சொன்ன பதில்

நிர்வாகி

கார்த்தி, மீதியை நீக்கியிருக்கிறேன். குற்றச்சாட்டும் மறுப்பும் எல்லா நாளிதழிலும் இருக்கின்றன. இங்கே எந்தக் கட்சி நல்லது என்ற பேச்சு தொடங்கினால் இழை மூடப்படும். பட்டியல், படிவம், சட்டம் பற்றித் தொடருங்கள்.

வக்கீல் மாதவன்

கட்சியை விட்டுவிட்டு அதில் உள்ள கேள்வியை மட்டும் எடுக்கிறேன். பட்டியலைக் கணினியில் தேடக்கூடிய வடிவில் தர வேண்டும் என்று 2018லேயே உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள், கிடைக்கவில்லை. வாக்காளரின் அந்தரங்கம் பாதிக்கப்படும் என்பது ஆணையத்தின் வாதம். அதனால் இன்றும் பட்டியல் படமாகத்தான் கிடைக்கிறது. ஒருவர் தன் பெயரைத் தேடலாம், தெரு முழுவதையும் சரிபார்க்க வேண்டுமென்றால் கண்ணால்தான் படிக்க வேண்டும். 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதி 93ஐ மாற்றி வாக்குச்சாவடி கேமரா பதிவையும் பொதுமக்கள் பார்க்கும் ஆவணங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேட்பாளரைப் பற்றிய கதவு இருபது ஆண்டாகத் திறந்துகொண்டே வந்தது. தேர்தல் நடக்கும் விதத்தைப் பற்றிய கதவு அப்படி இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பீகாரில் 2025ல் வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் போனபோது, யார், என்ன காரணம் என்று ஆணையம் முதலில் வெளியிடவில்லை. ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் பெயரோடும் காரணத்தோடும் வெளியிடச் சொன்னது. பாலா, தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின, அதில் 66 லட்சத்துக்கு மேல் இடம் பெயர்ந்தவர்கள் என்று நாம் இன்று பேச முடிகிறது, உங்கள் பெயருக்கு எதிரே காரணமும் இருக்கிறது. பீகார் வழக்கு இல்லாவிட்டால் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஹலசூர் மங்கை

காரணம் தெரிந்தது சரி. ஆனால் சார், அது தேடிப் போனவருக்குத்தான் தெரிகிறது. பாலாவின் போன் நம்பரை ஆயிரம் பேர் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரை எடுக்கப்போகிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப மட்டும் ஆளில்லை. வேட்பாளருக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியை வாக்காளரின் ஒற்றை வரிக்குக் காட்டியிருந்தால் பெங்களூரின் சதவீதம் தானாக ஏறியிருக்கும்.

மடிவாளா செல்வி

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதார் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' கேட்டால் போட விடுவார்களாம். உண்மையா?

வக்கீல் மாதவன்

பொய். ஒவ்வொரு தேர்தலுக்கும் இது சுற்றுகிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த ஆவணம் காட்டியும் ஓட்டு கிடையாது. சேலஞ்ச் என்பது வேறு: வந்திருப்பவர் அந்த ஆள்தானா என்று வேட்பாளரின் ஏஜென்ட் ஆட்சேபிப்பது, அதற்கு அந்த ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். உங்கள் பெயரில் வேறு யாராவது முன்பே ஓட்டு போட்டிருந்தால்தான் உங்களுக்கு ஒரு வழி, விதி 49பி (49P). இயந்திரத்தில் அல்ல, காகிதச் சீட்டில் போடச் சொல்வார்கள்.

கே.ஆர்.புரம் கார்த்தி

இவ்வளவுக்கு, இருந்த இடத்திலிருந்தே ஊர்த் தொகுதிக்கு ஓட்டு போட வைத்தால் முடிந்ததே? யு.பி.ஐ.யில் லட்சக்கணக்கில் பணம் அனுப்புகிறோம்.

வக்கீல் மாதவன்

யு.பி.ஐ.யில் யார் யாருக்கு அனுப்பினார் என்று பதிவு இருக்கும். ஓட்டில் அது இருக்கவே கூடாது. ஆனால் உங்கள் யோசனைக்குப் பக்கத்தில் ஒன்று வந்தது. 2022 டிசம்பரில், ஒரே சாவடியில் 72 தொகுதிகளுக்கு ஓட்டு போடக்கூடிய இயந்திரம் என்று ஆணையம் அறிவித்தது. 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளைக் கூப்பிட்டது. இடம்பெயர்ந்தவர் யார் என்று எப்படி வரையறுப்பது, 72 தொகுதிக்கு ஏஜென்ட்டை எங்கிருந்து அனுப்புவது என்று கட்சிகள் எதிர்த்தன. அத்தோடு நின்றது.

கோலார்க்காரன்

2024ல் தமிழ்நாட்டில் 19ஆம் தேதி, இங்கே 26ஆம் தேதி. இரண்டு இடத்திலும் போட்டவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். மை மைசூரிலிருந்து வருகிறது, ஒரு வாரத்தில் எப்படி அழித்தார்களோ.

ஹலசூர் மங்கை

பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டு பட்டியலில் இருப்பதை மறைத்துப் பொய் உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

பொம்மனஹள்ளி பாலா

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவிடம் பேசினேன். "ஊரில் ஓட்டு இல்லாதவன் ஊர்க்காரனா?" என்கிறார். கோயில் வரிப் பட்டியலில் பெயர் இருக்கிறதே அப்பா என்றேன், அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணி லாரிக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது இங்கே. பிள்ளைகளின் பேருந்து மாட்டிக்கொள்வது சில்க் போர்டில்.

ஹலசூர் மங்கை

அதற்கு இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் கடைசியாக மாநகராட்சித் தேர்தல் நடந்தது 2015ல். 2020 செப்டம்பரோடு கவுன்சிலர்கள் போய்விட்டார்கள், அதிலிருந்து அதிகாரிகள் ஆட்சிதான். அப்போது 198 வார்டு, இப்போது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்து 369 வார்டு ஆக்கியிருக்கிறார்கள். எப்போது தேர்தல் வந்தாலும் வார்டுப் பட்டியலைச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் பிரித்து எடுப்பார்கள். அதில் பெயர் இல்லாதவருக்குச் சாக்கடையைப் பற்றிக் கேட்க கவுன்சிலரும் கிடையாது. கர்நாடகாவிலும் தீவிரத் திருத்தம் வரும் என்கிறார்கள், வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.

பொம்மனஹள்ளி பாலா

சரி அக்கா, இங்கேயே போடுகிறேன். என் அம்மாவுக்கு ஒன்று கேட்க வேண்டும். 86 வயது, ஊரில் இருக்கிறார், நடக்க முடியாது. பெயர் பட்டியலில் இருக்கிறது.

வக்கீல் மாதவன்

85 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டிலிருந்தே ஓட்டு. படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், பி.எல்.ஓ.வே வந்து வாங்கிக்கொள்வார். கொடுத்துவிட்டால் பிறகு சாவடிக்குப் போய்ப் போட முடியாது, அதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சிவாஜிநகர் ஹமீது

பாலா, படிவத்தில் பெயரைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பாருங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியலை எங்கே போடுவது என்று தெரியாமல் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறிவிடுகிறது. கன்னடம் படிக்க வராவிட்டால் ஸ்கிரீன்ஷாட் இங்கே போடாதீர்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

மடிவாளா செல்வி

பாய், எனக்கும். பாஸ்புக்கில் முகவரி மாற்றத் திங்கட்கிழமை லீவு கேட்டிருக்கிறேன்.